காசு மேசையில் ஒரு பதில்: இலங்கைத் திரையில் இனமும் மொழியும்

இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில் பஸ் ஏறிக் காரைதீவு வரை போகிறவருக்கு ஜன்னலில் பள்ளிவாசலும் கோயிலும் மாறி மாறி வரும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு. வழிநெடுகச் சமயம் மாறி வரும். பஸ்ஸுக்குள் கேட்கும் தமிழ் மாறாது. இலங்கைச் சினிமா இனமுரணைப் பேசத் தொடங்கியபோது இந்தக் கரை அதன் கண்ணில் படாததற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு. மொழியை வைத்தே அது இனத்தை அடையாளம் கண்டது.

அந்தப் பார்வையில் எழுந்த மிகச் சிறந்த படம், சுனில் ஆரியரத்ன இயக்கிய ‘சருங்கலே’ (1979). சிங்களத் திரையின் உச்ச நட்சத்திரம் காமினி பொன்சேகா, கொழும்பில் வேலைபார்க்கும் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் நடராஜாவாக வந்து தமிழ் பேசினார். அயல்வீட்டுச் சிங்களச் சிறுமியோடு பட்டம் விடும் அந்த மனிதரை 1958 கலவரம் கொன்றுவிடுகிறது. யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையையும் படம் மறைக்கவில்லை. நான்கே ஆண்டுகளில், 1983 ஜூலையில், படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. திரையில் காட்டிய தீ திரைத்துறையின் வாசலுக்கே வந்தது.

மொழியே இனம் என்ற கணக்கைக் குலைத்தது பிரசன்ன விதானகேயின் ‘இர மதியம’ (2003). அதன் மூன்று கதைகளில் ஒன்று அரபாத் என்ற முஸ்லிம் சிறுவனுடையது. விடுதலைப் புலிகள் ஊரையே வெளியேறச் சொல்கிறார்கள். அவன் தன் நாயை விட்டுப் பிரியமாட்டாமல் தவிக்கிறான். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். துரத்தியவர் பேசியதும் தமிழ், துரத்தப்பட்டவர் பேசியதும் தமிழ். ஆனாலும் முஸ்லிம் திரைக்குள் வந்தது ஊரைவிட்டுப் போகும் வேளையில்தான். அவர் வாழ்ந்த தெருவுக்குள் கமெரா போகவில்லை.

அடுத்த ‘படம்’, அந்தக் கிழக்குக் கரை அடங்கிய மாவட்டத்தின் தலைநகரான அம்பாறையில், ஒரு கைபேசியில் உருவானது. 2018 பெப்ரவரி 26 இரவு, நகரின் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் கறியில் கிடந்த கட்டியைக் காட்டி, மலட்டு மருந்து போட்டாயா என்று கூட்டம் சிங்களத்தில் கேட்டது. சிங்களம் சரியாகப் புரியாத காசாளர், ஆம் என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சொன்னார். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. காணொளி நாடெங்கும் பரவியது. அது வெறும் மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பின்னர் அறிவித்தது. காமினி விரும்பித் தமிழ் பேசினார். இவரோ அச்சத்தில் சிங்களம் பேச வைக்கப்பட்டார். இரண்டு பேச்சுக்கும் நடுவே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்.

அமெரிக்க இயக்குநர் ஸ்பைக் லீயின் ‘டூ த ரைட் திங்’ (1989) படத்திலும் ஒரு சாப்பாட்டுக் கடைதான் எரிகிறது. ஆனால் அது எரியுமுன் புரூக்ளின் தெருவின் ஒரு முழுப் பகலை, யார் யாரோடு சிரித்தார், எந்தச் சொல் யாரைக் குத்தியது என்பதை, லீ பொறுமையாகக் காட்டிவிடுகிறார். அம்பாறைக் காணொளியில் அந்தப் பகல் இல்லை.

எங்கள் கரைக்கும் அந்தப் பகல் வேண்டும். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களும், அதே மாதம் வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழரும் கொல்லப்பட்டார்கள். வசனத்தின் மொழியை வைத்து இங்கே யார் எவர் என்று காட்ட முடியாது. இயக்குநர் வேறிடத்திலிருந்து தொடங்க வேண்டும்: மருதமுனைக் கைத்தறிச் சேலையைப் பாண்டிருப்பு வீடுகளுக்குக் கடனுக்குக் கொடுத்துவந்தவர், எந்த நாளில் அந்த வாசல்களுக்குப் போகாமல் நின்றார் என்பதிலிருந்து.