பத்துப் பைசாவும் ஃபோர்ட்ரானும்

1957 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் அணாக் கணக்கு போய், ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா என்று வந்தது. அதே மாதம் அமெரிக்காவில் ஐபிஎம் 704 கணினிக்கான ஃபோர்ட்ரான் கம்பைலர் வெளியே வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் விற்பனை ரிப்போர்ட்டுக்கு எந்த மொழியை எடுக்கலாம் என்று டீமில் பேச்சு வந்தாலே எனக்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் ஞாபகம் வரும்.

ஏன்னு சொல்றேன். பழைய ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. பாதி, பாதியில் பாதி என்று வெட்டிக்கொண்டே போகிற கணக்கு. நம்ம மாகாணியும் அதே 1/16 தான். கணினியின் பைனரி பின்னமும் இப்படித்தான் வெட்டும். கட்டுமாவடிப் பக்கம் பெரியவர்கள் எட்டணா, நாலணா என்று சொல்வதெல்லாம் பைனரியில் பிசகில்லாமல் உட்காரும். (192 தம்படி மட்டும் இடிக்கும், அதில் மூன்று ஒளிந்திருக்கிறது.) பத்துப் பைசா உட்காராது. பைதானில் லூப் போட்டு 0.1-ஐ பத்து தடவை கூட்டிப் பாருங்க, 0.9999999999999999 என்று வரும்.

704-இல் நிலைமை இன்னும் மோசம். தசமப் புள்ளி உள்ள எண்ணுக்கு 27 பிட்தான். தொகை சுமார் பத்தரை லட்சம் ரூபாயைத் தாண்டினால், அது பார்க்கிற மிகச் சின்னப் படி 1/64 ரூபாய். அதாவது ஒழித்துக்கட்டிய பழைய பைசா! சரி, எல்லாத்தையும் பைசாவாக்கி முழு எண்ணில் வைக்கலாமே என்றால், அன்றைய ஃபோர்ட்ரானில் முழு எண் 32,767-க்கு மேல் போகாது. 327 ரூபாய் 67 பைசாவோடு கடையைச் சாத்த வேண்டியதுதான். குறை சொல்ல முடியாது, அது விஞ்ஞானிகளுக்காகச் செய்த மொழி.

கணக்குப்பிள்ளைகளுக்கு வேறு மொழி வேண்டும் என்று 1959 மே மாதம் பென்டகனில் கூட்டம் போட்டார்கள். கிரேஸ் ஹாப்பரின் ஃப்ளோ-மேடிக்கை முன்மாதிரியாக வைத்து கோபால் பிறந்தது. அதில் எண்ணை அறிவிக்கும்போதே எத்தனை இலக்கம், புள்ளி எங்கே என்று படம் வரைந்து காட்ட வேண்டும். அந்த வரிக்குப் பெயரே பிக்சர். பைசா பைசாவாகவே இருக்கும். அதே வருஷம் அக்டோபரில் வந்த ஐபிஎம் 1401 இயந்திரமே பத்தடிமானத்தில் கணக்குப் போடும். 1971 வரை பவுண்டு-ஷில்லிங்-பென்ஸைக் கட்டிக்கொண்டிருந்த இங்கிலாந்துக்காக, அந்தக் கணக்கை ஹார்டுவேரிலேயே செய்யும் வசதியைத் தனியாக விற்றார்கள். நமக்கு அது தேவைப்படவில்லை. 1401 வருவதற்குள் நாம் அணாவை விட்டுவிட்டோம். இந்திய ரயில்வே சம்பளப் பட்டியலைக்கூட 1401-இல் போட்டது.

இன்றைக்கு பைதானா, ஜாவாவா, ஜாவாஸ்கிரிப்டா என்று கேட்டால் வேகத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். நான் கேட்பது வேறு: காசை எதில் வைப்பீங்க? எஸ்க்யூஎல்லில் டெசிமல் வகை உண்டு. ஜாவாவில் பிக்டெசிமல். பைதானில் டெசிமல் மாட்யூல் 2004-இல் சேர்ந்தது. ஜாவாஸ்கிரிப்டில் இதற்கென்று உள்ளேயே ஒரு வகை கிடையாது, வெளி லைப்ரரிதான். அதனால் எங்கள் ரிப்போர்ட்டில் கூட்டல் முழுவதையும் டேட்டாபேஸிலேயே முடித்துவிட்டு, மேலே காட்டுவதற்கு மட்டும் பைதான் என்று வைத்தோம்.

காட்டுவதிலும் ஒரு வேடிக்கை. பைதானில் சாதாரணமாகக் காற்புள்ளி போடச் சொன்னால் 1,234,567 என்றுதான் தரும். லட்சம் கோடிக்கெல்லாம் தனியாக மெனக்கெட வேண்டும். கோபாலில் பிக்சர் 99,99,999.99 என்று எழுதினால் போதும், 12,34,567.00 என்று அச்சாகும்.