தோட்டத்து நாய்களும் வெறிநோய்த் தடுப்பும்

நாயைப் பைரவரின் வாகனமென்று கும்பிடும் நம்மவர், அந்நாய்க்குப் பிணி வந்தால் மிருக வைத்தியரைத் தேடுவது மிக அரிது. கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், இந்நாளில் பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் நாயில்லாத லயத்தைக் காண்பது கடினமாயிருந்தது. இரவில் காவல் காத்தது, பாம்பைக் கண்டு குரைத்தது, காட்டுப்பன்றியைத் துரத்தியது. இத்தனை ஊழியத்துக்கும் அது பெற்ற கூலி மீந்த சோறு.

நாய் கடித்துவிட்டாலோ, நம்மவர் முதலில் நாடியது பூசாரியையும் மந்திரவாதியையுமே. வேப்பிலை அடித்து, நீர் மந்திரித்து, கயிறு கட்டி அனுப்பினார்கள். கடிபட்டவருள் பெரும்பாலார் பிழைத்ததால் மந்திரவாதியின் புகழ் வளர்ந்தது. இங்கே சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். கடிக்கும் நாயெல்லாம் வெறிநாயன்று. வெறிநாய் கடித்தவர் அனைவரையும் நோய் பற்றுவதுமில்லை. ஆகவே பிழைத்தவர் மந்திரமின்றியே பிழைத்திருப்பர். நோய்க் கிருமி கடிவாயிலிருந்து நரம்பின் வழியே ஊர்ந்து மூளையை அடைய வாரங்களும் மாதங்களும் ஆகின்றன. அதன்பின் ஒருவன் தண்ணீரைக் கண்டு நடுங்கினால், பழைய கடியை மறந்து, பேய் பிடித்ததென்று அதே மந்திரவாதியை மறுமுறையும் அழைப்பார்கள்! அறிகுறி தோன்றியபின் அவனைக் காக்கும் மருந்தோ இல்லை.

தடுக்கும் வழியே உலகில் இல்லாதிருந்தால் இம்மடமையை மன்னிக்கலாம். பிரெஞ்சு தேசத்து லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு 1885 ஜூலை 6ஆம் நாள் ஊசி மருந்து ஏற்றத் தொடங்கினார்; பிள்ளை பிழைத்தான். நம் முன்னோர் விட்டு வந்த தமிழகத்திலும், நீலகிரியின் குன்னூரில், 1907இல் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம்மவர் மலாயாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. மந்திரக் கயிறு கடல் கடந்து வந்த அளவுக்குக் குன்னூர்ச் செய்தி வந்ததாகத் தோன்றவில்லை. எனினும் பழியனைத்தையும் தொழிலாளியின் தலையில் சுமத்துவது நீதியன்று. அந்நாளைய மருந்தை வயிற்றில் நாள்தோறும், பல நாட்கள் குத்திக்கொள்ள வேண்டியிருந்தது. நாட்கூலிக்காரன் அத்தனை நாள் பால்மரத்தை விட்டு எங்ஙனம் நகர்வான்?

மனிதனுக்குக் கடிபட்டபின் ஊசி போடுவதினும் நாய்க்கு முன்னரே போடுவது எளிது என்பதை மலாயா 1952இல் கண்டது. அவ்வாண்டு கோலாலம்பூரில் வெறிநோய் பரவிற்று. கோழிமுட்டைக் கருவில் வளர்த்து வலுக்குறைத்த புதிய மருந்து அப்போதுதான் கைக்கு எட்டியிருந்தது; நாய்க்கு ஒரே ஊசி போதும். வளர்ப்பு நாய்களுக்கு ஊசி கட்டாயமாக்கப்பட்டது; தெருநாய்கள் கொல்லப்பட்டன. நோய் அடங்கிற்று. அவ்வெற்றியைத் துப்பாக்கியின் கணக்கில் எழுதுவாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். கொன்ற நாயின் இடத்துக்கு வேறு நாய் வந்துவிடும். நூற்றுக்கு எழுபது நாய்க்கேனும் ஊசி போட்டால் நோய் பரவ வழியற்றுப் போகும் என்பதே உலக சுகாதார நிறுவனம் கூறும் கணக்கு.

பின்னர், 1955இல், சயாம் எல்லையை ஒட்டிய வடபகுதிகளில் நாய்களுக்கெல்லாம் ஊசி போட்டு ஒரு காப்பு வளையம் அமைத்தனர். நம் சிலாங்கூர் அவ்வளையத்துக்கு வெகு தெற்கே உள்ளது. வடக்கே அரண் நின்றதனால் இங்கு அச்சமில்லை. அச்சமில்லாததனால் ஊசியும் மறந்துபோயிற்று. 2015 ஜூலையில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் மீண்டும் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் புகுந்து, அதன்பின் ஐம்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. முதலில் மாண்டவர்கள் செரியான் வட்டாரத்துக் குழந்தைகள்.

இங்கே தோட்டங்களோ துண்டுபட்டுவிட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; செம்பனை போய் வீடமைப்பு வந்தது. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தவருக்கு நாய் வளர்க்க இடமில்லை. கைவிடப்பட்ட நாய்கள் செம்பனைக் காட்டோரம் குட்டி போட்டுப் பெருகுகின்றன. அவற்றுக்கு உரிமம் எடுக்க எவருமில்லை. உடையவன் இல்லாத நாய்க்கு ஊசி போடக் கொண்டுபோவார் யார்? தோட்டத்தை விற்றவர் நிலத்துக்கு விலை பெற்றனர்; நாய்களைப் பற்றிய பொறுப்பு அவ்விற்பனைப் பத்திரத்தில் இடம்பெற்றிராது.

எஞ்சியுள்ள தோட்டத்து மக்களும் அருகிலுள்ள பட்டணத்தாரும் சங்கத்தின் பெயரால் ஒரு நாள் குறித்து, கால்நடைச் சேவைத் துறையினரை அழைத்து, கோவில் திடலிலேயே நாய்களை ஒன்றுசேர்த்து ஊசி போடச் செய்யலாம். திருவிழாவுக்குப் பந்தல் போடும் இளைஞர்களுக்கு அது பெரிய வேலையன்று. அதற்கிடையில் யாரையேனும் நாய் கடித்தால், மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பாமல், சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பூசாரியிடம் போக விரும்புவோர் ஊசி போட்டுக்கொண்ட பிறகு போகட்டும்.