குவெம்பே தொங்காக்களும் கரிபா அணைக்கட்டும்: ஆற்றங்கரை நிலவுரிமை பற்றிய ஒரு குறிப்பு

சம்பேசி ஆறு இன்று சாம்பியாவையும் சிம்பாப்வேயையும் பிரிக்கும் எல்லையாகும். அதன் நடுப்பகுதியிலுள்ள குவெம்பே பள்ளத்தாக்கில் வாழ்ந்த தொங்காக்களுக்கோ அது எல்லையாக இருந்ததில்லை. இரு கரைகளிலும் உறவினர் வாழ்ந்தனர். மரத்தைக் குடைந்து செய்த தோணிகள் அவர்களை இணைத்தன. (பசிபிக்கிலுள்ள தொங்கா இராச்சியத்துடன் இம்மக்களுக்குப் பெயரொற்றுமையன்றி வேறு தொடர்பில்லை.)

இம்மக்களுக்கு அரசரில்லை, படையில்லை, தலைநகரில்லை என்பதே குடியேற்றவாத நிருவாகம் அவர்களிடம் முதலிற் கண்டது. அயலிலிருந்த லோசிகளும் நிடெபெலேகளும் அரசமைத்திருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் அவ்விரு அரசுகளின் கொள்ளைப் படைகளும் தொங்காக்களைச் சூறையாடின. வரி அறவிடுதற்கு வாய்ப்பான தலைவர் எவரும் அகப்படாமையால் பிரித்தானியர் தாமே தலைவர்களை நியமித்தனர். ஆயின், அரசின்மை ஒழுங்கின்மை ஆகாது. 'முகோவா' எனப்படும் தாய்வழிக் குடியே சமூகத்தின் அச்சாக விளங்கிற்று. ஓரிடத்தில் முதலிற் குடியேறிய முகோவாவைச் சேர்ந்த 'சிகதொங்கோ' விதைப்பையும் மழைச் சடங்கையும் தொடக்கிவைப்பார். எவரையும் தண்டிக்கும் அதிகாரம் அவருக்கில்லை. ஒரே ஊரிற் பல குடியினர் மண உறவாற் பிணைந்து வாழ்ந்தமையே பழிவாங்கலைக் கட்டுப்படுத்தியது என்பதை, 1946 முதல் மேட்டுநிலத் தொங்காக்களிடையே ஆய்வு செய்த மானிடவியலாளர் எலிசபெத் கொல்சன் விளக்கியுள்ளார்.

பள்ளத்தாக்கில் இவ்வமைப்பின் பொருளாதார அடித்தளம் ஆற்று வண்டலே. மழைக்காலத்தில் மேட்டுநிலத்தில் இறுங்கும் கம்பும் விளைந்தன. வெள்ளம் வடிந்தபின் ஈரங்காயாத கரையில் சோளமும் புகையிலையும் பயிராயின. மழை பொய்த்த ஆண்டில் உயிர்காத்தது இக்கரைத் தோட்டமே. அது தாய்வழியே கைமாறியது. பெண்களும் தம் உரிமையில் அதனை வைத்திருந்தனர். இவ்வுரிமைக்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை.

1953இல் உருவான மத்திய ஆபிரிக்கக் கூட்டாட்சிக்குச் செப்புச் சுரங்கங்களுக்கும் வெள்ளையரின் தொழிற்சாலைகளுக்கும் மின்சாரம் வேண்டியிருந்தது. 1956இல் உலக வங்கி 8 கோடி டொலர் கடன் வழங்கியது. கரிபா அணையினால் இரு கரைகளிலும் ஏறத்தாழ 57,000 பேர் பெயர்க்கப்பட்டனர். சிப்பெப்போ பகுதியினர் நெடுந்தொலைவிலுள்ள லுசித்துவுக்குச் செல்ல மறுத்து ஈட்டிகளுடன் நின்றனர். 1958 செப்டெம்பர் 10இல் பொலிசார் சுட்டதில் எண்மர் மாண்டனர். ஆபிரிக்கத் தேசிய காங்கிரசின் தூண்டுதலே காரணம் என்றது அரசாங்கம். இது வசதியான விளக்கம். தன் நிலத்தை இழப்பவனுக்குத் தூண்டுதல் வெளியிலிருந்துதான் வரவேண்டுமா? அவ்வாண்டு டிசெம்பரில் அணை மூடப்பட்டது. பெருகும் நீரிலிருந்து ஏறத்தாழ 6,000 விலங்குகளைக் காப்பாற்றிய 'நோவா நடவடிக்கை' உலகப் பத்திரிகைகளில் அடைந்த புகழை இம்மக்களின் இடப்பெயர்வு அடையவில்லை.

பெயர்க்கப்பட்டபின் நேர்ந்தது இன்னும் ஆழமானது. கொல்சனும் தயர் ஸ்கடரும் 1956இல் தொடங்கிய ஆய்வு, பெயர்வுக்கு முன்னும் பின்னும் அதே ஊர்களைப் பின்தொடர்ந்தமையால் இதனை அறியமுடிகின்றது. புதிய இடம் காடு. அதனை வெட்டித் திருத்தியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். திருத்தியவனுக்கே நிலம் என்பது பழைய வழக்குத்தான். ஆயினும் மூதாதையர் திருத்திய கரைநிலம் நீருக்குள் மறைந்தபின் அவ்வழக்கே பெண்ணுக்கு எதிராகத் திரும்பிற்று. தாய்வழி வந்த நிலத்தை ஆண்ட பெண் கணவனின் நிலத்தில் வேலை செய்பவளானாள். எந்தச் சட்டமும் அவளது உரிமையைப் பறிக்கவில்லை.

சிகதொங்கோவின் நிலையும் இதுவே. 'மலெண்டே' என்னும் மழைக் கோட்டங்கள் இடத்தோடு பிணைந்தவை. அவற்றைத் தூக்கிச் செல்லவியலாது. புதிய இடங்களில் முதற்குடியினர் வேறு மக்களாயிருந்தனர். அங்கு விதைப்பைத் தொடக்கிவைக்கும் உரிமையும் அவர்களுடையதே. 1960இல் கரிபா மின்னிலையம் திறக்கப்பட்டது. அதன் மின்சாரம் செப்புச் சுரங்கங்களை அடைந்தது. பெயர்க்கப்பட்ட ஊர்களிற் பல, பல தசாப்தங்களாக இருளிலேயே கிடந்தன.