துறைமுக வாசலில் மனைவி: 1914 சட்டத்தின் ஒரு சொல்லும் கொங்குத் திருமணமும்

அயல்நாட்டுத் துணையை எல்லைக்குள் விடுவதற்குத் திருமணச் சான்று கேட்கும் வழக்கத்தின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் 1913 மார்ச் 14 அன்று நீதிபதி சர்ல் அளித்த தீர்ப்பிலிருந்து தொடங்குவார்கள். அந்தத் தீர்ப்பை அவர்கள் காந்தியின் கண்ணால்தான் படிக்கிறார்கள். ஹசன் இசப் என்பவரின் மனைவி பாய் மரியத்துக்குக் கேப் மாகாணத்தில் கரையிறங்க அனுமதி மறுக்கப்பட்டது. பலதார மணத்தை அனுமதிக்கும் சமயத்தின் சடங்குப்படி நடந்த திருமணத்தை அந்நாட்டுச் சட்டம் ஏற்காது, ஆகவே அவர் சட்டத்தின் கண்ணில் மனைவி அல்லர் என்று நீதிமன்றம் சொன்னது. கிறித்தவ முறைப்படி நடக்காத இந்தியத் திருமணங்கள் அனைத்தும் இந்தத் தீர்ப்பால் ஒரே நாளில் செல்லாமல் போயின, குடும்பப் பெண்கள் வைப்பாட்டிகள் ஆக்கப்பட்டார்கள் என்பது காந்தியின் வாசிப்பு. எரவாடாச் சிறையில் எழுதத் தொடங்கிய தென்னாப்பிரிக்க சத்தியாகிரக வரலாற்றில் இதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். போராட்டத்தின் தேவைக்கு அந்த வாசிப்பு மிகப் பொருத்தம். சட்ட வரலாறாக அதை எடுத்துக்கொள்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலாவது, சர்ல் புதிய விதி எதையும் படைக்கவில்லை. பலதார மணத்துக்கு இடந்தரும் திருமணத்தை ஆங்கில நீதிமன்றம் திருமணமாக ஏற்காது என்ற கோட்பாடு 1866இல் மார்மன் சமயத்தார் ஒருவரின் வழக்கிலேயே நிலைபெற்றுவிட்டது. 1913இல் புதிதாக நேர்ந்தது இடமாற்றம். சொத்து வழக்கிலும் மணமுறிவு வழக்கிலும் எழுந்துகொண்டிருந்த கேள்வி கப்பல் துறைக்கு வந்து, குடிவரவு அதிகாரியின் கைக்குப் போனது. இரண்டாவது, எல்லா இந்தியத் திருமணங்களும் ஒரே நிலையில் இருக்கவில்லை. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்தது முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தார். இவர்களின் திருமணங்களை இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவுசெய்ய 1891ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம் வழி வைத்திருந்தது. கையில் பதிவுச் சீட்டுள்ள கூலிப் பெண்ணையும், சீட்டில்லாமல் கப்பலேறி வந்த வணிகர் வீட்டுப் பெண்ணையும் காந்தியின் வாசிப்பு ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. பதிவேடு பற்றி வழக்கறிஞரான அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. போராட்டத்துக்கு ஒரே குரல் தேவைப்பட்டது. அதனால் வேறுபாடு மறைந்தது என்றே கொள்கிறேன். போராட்டத்தின் அழைப்பை ஏற்றுச் சிறைசென்ற டிரான்ஸ்வால் பெண்களில் பெரும்பாலோர் தமிழர் என்பதோ, அவர்களில் ஒருவரான பதின்ம வயது வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிர்துறந்தார் என்பதோ இதனால் சிறிதும் சிறுத்துவிடாது.

காந்தியின் வாசிப்பு இன்னொன்றையும் மறைக்கிறது. போராட்டத்தின் முடிவில் வந்த 1914ஆம் ஆண்டின் 22ஆம் சட்டம், அதாவது இந்தியர் நிவாரணச் சட்டம், சர்லின் தீர்ப்பைத் துடைத்தெறிந்ததாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. அதன் வாசகத்தை நிறுத்திப் படித்தால் வேறொன்று தெரிகிறது. முதல் பிரிவு இந்தியச் சமயங்களின் குருமார்களைத் திருமண அதிகாரிகளாக நியமிக்க வழிசெய்கிறது. இரண்டாம் பிரிவு, ஏற்கெனவே சேர்ந்து வாழும் ஒருதார இணையர் தங்களைப் பதிவுசெய்து செல்லத்தக்க திருமணத்தைப் பெற இடந்தருகிறது. மூன்றாம் பிரிவு மட்டும் குடிவரவுக்கு உரியது. நாட்டுக்குள் வர உரிமையுள்ள ‘மனைவி’ யார் என்பதற்கு அங்கே தரப்படும் விளக்கத்தில் ‘திருமணம்’ தலைச்சொல்லாக இல்லை. ‘யூனியன்’, அதாவது இணைவு, என்ற சொல்லே நிற்கிறது. ஓர் இந்தியச் சமயத்தின் கோட்பாட்டில் திருமணமாகக் கருதப்படும் இணைவு போதும். அதே ஆணுக்கு வேறு பெண்களோடும் அப்படி இணைய அந்தச் சமயம் இடந்தந்தாலும் தடையில்லை. ஆனால் அத்தகைய வேறொருத்தி அந்த நாட்டில் வசிக்கக் கூடாது. (அந்த நாட்டின் பெயரும் யூனியன்தான் என்பது வேடிக்கை.) சட்டம் எழுதியவர்கள் இந்தச் சொல்லைத் தெரிந்தே தேர்ந்தார்கள் என்பது என் வாதம். திருமணம் என்று எழுதியிருந்தால் பலதார மணத்தை ஒப்புக்கொண்டதாகும்; இணைவு என்று எழுதியதால் பெண்ணை உள்ளே விட்டுவிட்டு, அவளுடைய திருமணத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருந்துவிடலாம். துறைமுகத்தில் மனைவியாக இருப்பவள் வாரிசுரிமை நீதிமன்றத்தில் மனைவியாக இல்லாமல் போகலாம். வரும் உரிமையும் மண உரிமையும் இரண்டாகப் பிரிந்தது இங்கேதான்.

இது பலதார மணச் சிக்கலுக்குச் செய்த ஒட்டுவேலை, இன்று மணமாகாத துணைக்கு விசா கேட்பவர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேர்வழித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. 1997இல் பிரிட்டன் மணமாகாத துணைவர்க்கு அளித்த சலுகையும், சேர்ந்து வாழும் துணைவர்க்கு பி-2 வருகையாளர் விசா தரலாம் என்று 2001இல் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்குச் சொன்னதும் 1914 சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. ஆனால் பொறிமுறை அதுவேதான். எச்-1பி விசாவில் போன ஒருவருடன் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழும் துணைக்கு எச்-4 கிடையாது, அது மணத்துணைக்கும் பிள்ளைகளுக்கும் உரியது, பி-2 கிடைக்கலாம். உள்ளே விடுகிறார்கள், உறவுக்குப் பெயர் வைப்பதில்லை.

இனி கொங்கு. 1914 சட்டம் சமயக் கோட்பாட்டையும் குருமாரையும் கேட்டது. கொங்கு வேளாளர் திருமணத்தை நடத்துபவர் குருவல்லர், அருமைக்காரர். அருமைச் சீர் என்ற சடங்கைச் செய்துகொண்ட, அதே சாதியைச் சேர்ந்த குடும்பத்தலைவர். தென்னிந்தியச் சாதிகள் பற்றி 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுப்பிலும் அவர் இடம்பெறுகிறார். இணைச்சீர் என்ற சடங்கு உண்டு, நாவிதர் பாடும் மங்கல வாழ்த்து உண்டு. கோயம்புத்தூரிலோ, அன்று சேலம் ஜில்லாவிலிருந்த திருச்செங்கோட்டிலோ அருமைக்காரர் முன்னிலையில் மணந்து கடல் கடந்த ஓர் இணையர், சட்டம் கேட்ட சமயக் கோட்பாட்டை எங்கே காட்டியிருப்பார்கள்? சான்று மிகக் குறைவான இடம் இது. ஆனாலும் அழுத்தியே சொல்வேன்: இத்தகையோர்க்குப் பாதுகாவலர் பதிவேடு சமயக் கோட்பாட்டைவிடப் பெரிய துணையாக இருந்திருக்க வேண்டும். பதிவேட்டுக்குச் சடங்கு எது என்ற கவலையில்லை. சாத்திரமா வழக்கமா என்ற இதே கேள்வி தாயகத்திலும் திரும்ப எழுந்ததை என் ஊகத்துக்குத் துணையாகக் கொள்கிறேன். ஈரோட்டுப் பெரியார் பரப்பிய சுயமரியாதைத் திருமணம் சாத்திரமும் இல்லை, நெடுநாள் வழக்கமும் இல்லை என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாததாக்கியது. 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவற்றையும் செல்லத்தக்கனவாக்கியது.

அந்த 7ஏ இரண்டு இந்துக்களுக்கு மட்டுமே பொருந்தும். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கிறித்தவரான ஜெர்மன் துணைவியை மருதமலைக் கோயிலில் தாலி கட்டி மணந்தாலும், அருமைக்காரரை அழைத்து மணந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது இந்துத் திருமணம் ஆகாது. 2008இல் உச்சநீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மிஞ்சுவது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்பு ஒட்டி இன்னொரு முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அயல்நாட்டுத் துணைக்கு அதுவரை சுற்றுலா விசாதான் கைகொடுக்கும். இந்தியா வழங்கும் எக்ஸ்-2 நுழைவு விசா மணத்துணைக்கும் பிள்ளைகளுக்கும் உரியது, எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தாலும் துணை என்ற பெயரில் அதில் இடமில்லை. அந்நிய மண்ணில் நம் பெண்களுக்காக 1914இல் வாங்கிய ‘இணைவு’ நம் விசா விதியில் ஏறவேயில்லை.

அந்தச் சொல்லின் சாயல் ஓரிடத்தில் எஞ்சியிருக்கிறது. வேறு முறையில் மணச்சடங்கு நடத்தி, அன்றுமுதல் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்துவருபவர்கள் பின்னாளில் பதிவுசெய்துகொள்ளலாம் என்கிறது சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. 1914 சட்டத்தின் இரண்டாம் பிரிவுக்கு இது மிக நெருக்கம். இருவருக்கும் நடந்த மணம் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்துதான் இந்தச் சட்டத்தின்படி திருமணமாகக் கருதப்படும். இதனோடு குடியுரிமைச் சட்டத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கும் தற்செயலாக 7ஏ என்றே ஒரு பிரிவு; இந்தியக் குடிமகனின் அயல்நாட்டு மணத்துணைக்கு வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை தர, திருமணம் பதிவுசெய்யப்பட்டு, விண்ணப்பத்துக்கு முன் இரண்டாண்டு இடையறாமல் நீடித்திருக்க வேண்டும் என்கிறது அது. அந்த இரண்டாண்டைப் பதிவு நாளிலிருந்து எண்ணுவதா, அருமைக்காரர் முன்னிலையில் தாலி கட்டிய நாளிலிருந்து எண்ணுவதா? வாசகம் இரண்டுக்கும் இடந்தருகிறது. முதலாவதே எளிய வாசிப்பு, அலுவலகங்கள் விரும்பக்கூடியதும் அதுதான். 15ஆம் பிரிவு ‘அன்றுமுதல்’ என்று சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதற்கும் வழக்காட இடம் இருக்கிறது.