பரட்டை அண்ணனும் ஒரு உலையும்



இந்த வாரம் வேதபகுதி ஒன்றை விளக்குவதற்குப் பதிலாக, தமிழ்த் திருச்சபையின் அண்மைக்கால வரலாற்றிலிருந்து ஒரு பாடகரை உங்கள்முன் நிறுத்த விரும்புகிறேன். ஜேம்ஸ் தெயோபிலஸ் அப்பாவு என்பது அவர் பெயர். 1940இல் பிறந்து 2005இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர். தென்னிந்தியத் திருச்சபையின் குருவானவர். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். இந்த நீண்ட பெயரைச் சொன்னால் கிராமச் சபைகளில் பலருக்குத் தெரியாது. 'பரட்டை அண்ணன்' என்று சொல்லுங்கள், முகம் மலரும்.

எண்ணெய் காணாத, சீப்புக்கு அடங்காத தலைமுடியை நாம் பரட்டை என்கிறோம். ஏழையின் பிள்ளையை ஏளனம் செய்ய ஊரார் வழங்கும் சொல் அது. (1977இல் வந்த ஒரு திரைப்படத்தால் அந்தப் பெயர் தமிழர் எல்லாருக்கும் பழக்கமாகி, வில்லனுக்கு உரியதாகவும் ஆகிவிட்டது.) கல்லூரிப் பேராசிரியரான ஒருவர் அந்தப் பெயரைத் தமக்கே சூட்டிக்கொண்டு பாட்டு எழுதினார் என்றால், அவர் யாருடைய பக்கத்தில் நிற்க விரும்பினார் என்பதை வேறு விளக்கம் இல்லாமலே நாம் அறிந்துகொள்ளலாம்.

அவர் செய்ததன் கனத்தை உணர, நம் ஆலயங்களில் எந்த ஓசைகளுக்கு இடம் இருந்தது என்று சற்றுத் திரும்பிப் பார்க்கவேண்டும். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின்வந்தவர்களும் ஜெர்மானிய மெட்டுகளைத் தமிழ்ச் சொற்களோடு பிணைத்தார்கள். இன்றும் ஞானப்பாட்டு என்று நாம் எழுந்து நின்று பாடுகிற பாடல்கள் பல அவ்வழியில் வந்தவை. அடுத்துத் தஞ்சையில் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) எழுந்தார். சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி கற்றவர். சரபோஜி மன்னரின் தோழர். கருநாடக இசையின் இராகத்தையும் தாளத்தையும் ஆலயத்துக்குள் கொண்டுவந்தவர் அவரே. கீர்த்தனை இல்லாத தமிழ் ஆராதனையை இன்று யார் நினைத்துப் பார்க்க முடியும்?

ஆனால் வரலாறு எப்போதும் நமக்கு இதமாகவே இருப்பதில்லை. 1820களின் இறுதியில் புதிய தலைமுறை மிஷனெரிகள் சாஸ்திரியாரின் தமிழிசையை ஆலயத்தில் கட்டுப்படுத்த முற்பட்டபோது அவர் கடுமையாக எதிர்த்தார். அது நியாயமான எதிர்ப்பு. அதே காலத்தில், அதே மிஷனெரிகள் எல்லாச் சாதியாரையும் திருவிருந்தில் ஒன்றாக்க முயன்றதையும் அவர் எதிர்த்தார். தமிழ் இசைக்காக வாதாடிய அதே எழுதுகோல் சாதி வேற்றுமைக்காகவும் வாதாடியது. 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், திருச்சபைக்குள் சாதியை உடனடியாகவும் முழுவதுமாகவும் விட்டுவிடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதை ஏற்க மனமில்லாமல் சபையை விட்டே விலகியவர்களும் உண்டு. 'நம்முடைய இசை' என்று ஒருவர் சொல்லும்போது, அந்த 'நாம்' யார் என்ற கேள்வி கூடவே எழுந்துவிடுகிறது.

ஜெர்மானிய ஓசை உள்ளே வந்தது. சபாமண்டப ஓசையும் உள்ளே வந்தது. நடவு வயலின் ஓசை, ஒப்பாரியின் ஓசை, தாலாட்டின் ஓசை ஆகியவை பெரும்பாலும் வாசலுக்கு வெளியிலேயே நின்றன. பறையோ வாசற்படியைக்கூட நெருங்கவில்லை. நம் கிராமச் சபைகளில் பெரும்பான்மையோர் எந்த மக்களிலிருந்து வந்தார்களோ, அந்த மக்களின் இசையே இவ்வாறு வெளியில் நின்றது.

இசைக்கருவிக்கும் தீண்டாமை உண்டா என்று கேட்பீர்கள். புதுக்கோட்டைக்காரர்களாகிய நமக்கு ஓர் உள்ளூர்ச் சான்று உண்டு. உடும்புத் தோல் போர்த்திய சிறிய கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தியவர் நம் ஊர் மாமுண்டியா பிள்ளை. அரண்மனையில் விளக்கு ஏந்தும் எளிய பணியிலிருந்து தொடங்கி, புதுக்கோட்டைத் தாளமரபு என்று இசைவாணர்கள் இன்றும் மதிக்கிற ஒரு வழியையே உண்டாக்கினார். மிருகத் தோல் என்பதற்காக எவரும் கஞ்சிராவைத் தள்ளவில்லை. மிருதங்கத்திலும் மாட்டுத் தோல் உண்டு, அதையும் தள்ளவில்லை. பறை தள்ளப்பட்டதற்குத் தோல் காரணமன்று. அதை அடித்த கைதான் காரணம்.

இங்கே நம் நாட்டை விட்டுச் சற்று வெளியே போய்வருவோம். இதே கேள்வி வேறொரு கண்டத்திலும் கேட்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே அடிமைகள் முரசு வைத்திருப்பது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. முரசை இழந்த மக்கள் கைதட்டலிலும் கால்மிதியிலும் தொண்டையிலும் தாளத்தைக் காத்துக்கொண்டார்கள். பருத்திக் காட்டுப் பாட்டுகளின் வழியாகப் பின்னாளில் பிறந்ததே ப்ளூஸ் என்னும் துயர இசை. ஒரு வரியைப் பாடி, அதையே திருப்பிப் பாடி, மூன்றாம் வரியில் அதற்கு மறுமொழி சொல்லும் எளிய அமைப்பு அதில் பெருவழக்கு. நம் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் திரும்பச் சொல்லுதல் அந்நியமாகத் தோன்றாது.

தாமஸ் டார்சி (1899–1993) என்பவர் ஒரு போதகரின் மகன். 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் மதுக்கூடங்களில் ப்ளூஸ் வாசித்துப் பேர்பெற்றவர். அந்த இசையின் நடையிலேயே பக்திப் பாடல்களை எழுதி ஆலயங்களுக்குக் கொண்டுசென்றபோது, கறுப்பின மக்களின் ஆலயங்களே பல அவரைத் திருப்பி அனுப்பின. 1932 ஆகஸ்டில், வெளியூரில் பாடச் சென்றிருந்த இடத்தில், பிரசவத்தில் மனைவி இறந்த தந்தி அவருக்கு வந்தது. குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துக்கத்தில் பிறந்த பாடலே, கர்த்தர் தம் கையைப் பிடித்து நடத்தும்படி மன்றாடும் அவருடைய புகழ்பெற்ற ஜெபப்பாடல். 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அடக்க ஆராதனையில் மகாலியா ஜாக்சன் அதைத்தான் பாடினார். வாசலில் தடுக்கப்பட்ட ஓசை ஒரு தலைமுறைக்குள் பீடத்தின் அருகே வந்துவிட்டது. ஜேம்ஸ் கோன் என்ற இறையியலாளர் 1972இல் ப்ளூஸ் பற்றி ஒரு நூலே எழுதி, அதையும் இறையியலாகப் படிக்கவேண்டும் என்று நிறுவினார்.

இரண்டு வரலாறுகளுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே முரசு பறிக்கப்பட்டது. இங்கே பறை திணிக்கப்பட்டது. ஊர்ச் சாவுக்கு அடிக்கவேண்டும், திருவிழாவுக்கு அடிக்கவேண்டும், கூலி இல்லாவிட்டாலும் அடிக்கவேண்டும் என்பது கட்டளை. ஆகவே சுவிசேஷத்தை ஏற்றுக்கொண்ட நாளில் பறையைக் கீழே வைப்பதே பலருக்கு விடுதலையின் முதல் அடையாளமாயிற்று. ஆலயத்தில் பறை என்ற பேச்சை எடுத்தபோது ஒரு மூதாட்டி என்னிடம் கேட்டார்: "அதக் கீழ போடத்தானேய்யா எங்க தாத்தா வேதத்துக்கு வந்தாரு? நீங்க திரும்பவும் எடுத்துக் கையில குடுக்குறீங்களே?" இந்தக் கேள்வியை இலேசாக எண்ணும் எவரும் அப்பாவுவைப் புரிந்துகொள்ள முடியாது. அவர் எதிர்கொண்ட எதிர்ப்பில் ஒரு பகுதி மேல்சாதிக் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்தது. மறுபகுதி அவர் யாருக்காகப் பாடினாரோ அவர்களிடமிருந்தே வந்தது.

அவருடைய மறுமொழி பாடல்களாக வந்தது. அழகு கருதி நாட்டுப்புற இசையை எடுத்து ஆராதனைக்கு மெருகூட்டுவது அவர் நோக்கமன்று. 1986இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல், நாட்டார் வழக்காறுகளைச் சமூக மாற்றத்துக்கான கருவியாகப் பார்க்கிறது. ஏழைகள் கடன் வாங்காமல், குருவை எதிர்பார்க்காமல், தங்கள் கையிலிருப்பதைக்கொண்டு உண்டாக்கும் இசை அது. ஆர்மோனியம் வாங்கப் பணமில்லாத சபைக்கும் கைதட்டல் உண்டு. எழுத்தறியாதவருக்கும் அந்தப் பாட்டில் பங்கு உண்டு. கீர்த்தனையோ பயிற்சி பெற்றவர் பாட, மற்றவர் கேட்கும் இசையாகிவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. இதில் அவர் சற்றுக் கடுமை காட்டினார் என்பதே என் எண்ணம். சாஸ்திரியாரும் குறவஞ்சியைக் கையாண்டவர்தாம்; எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பாட்டிமார் கீர்த்தனைகளை மனப்பாடமாகப் பாடிச் சமாதானத்தோடு கண்மூடியதை ஆயர்கள் பலரும் அருகிருந்து கண்டிருக்கிறோம். எனினும் எந்த ஓசை மேலானது, எது கீழானது என்ற வரிசையை யார் வகுத்தார் என்று அவர் கேட்டது சரியான கேள்வி.

1990களின் நடுவில் அவர் ஆராதனை முறைமை முழுவதையும், அறிக்கை, மன்றாட்டு, திருவிருந்து வரை, கிராமத்து மெட்டுகளில் அமைத்தார். 'கிராமிய இசை வழிபாடு' என்று அதற்குப் பெயர். மெட்டு மட்டுமன்றி மொழியும் மாறியது. நம் வேதாகமத்தின் உயர்நடைத் தமிழில் பிதாவே என்று அழைத்த இடத்தில், அவர் 'பெத்தவரே' என்று எழுதினார். இந்த ஒரு சொல்லில் சற்று நில்லுங்கள். வயலிலும் வீட்டு முற்றத்திலும் வழங்கும் பேச்சுச் சொல். ஆனால் மரியாதை குறையவில்லை. தந்தையையும் குறிக்கும், தாயையும் குறிக்கும். கருத்தரங்குகளில் கடவுளின் பாலினம் குறித்து நாங்கள் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், கிராமத்துப் பெண்கள் அந்தச் சொல்லைப் பாடி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவருடைய இறையியலின் நடுவில் இருந்தது ஓர் அடுப்பு. 'ஒரு உலை' என்பார். கூட்டுக்குடும்பம் உடைவதை நம் மக்கள் எப்படிச் சொல்கிறார்கள்? தனி உலை வைத்துவிட்டார்கள் என்கிறார்கள். ஒரே உலையில் பொங்கி உண்பவர்களே ஒரே குடும்பம். ஆகவே அவரவர் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து ஒரே பானையில் இட்டு, பொங்கியதை எல்லாரும் பகிர்ந்து உண்பதே திருவிருந்தின் உட்பொருள் என்று அவர் கற்பித்தார்; அதைப் பாடினார்; செய்தும் காட்டினார்.

1 கொரிந்தியர் பதினோராம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். இராப்போஜன அதிகாரம் என்று திருவிருந்துக்கு முன் நாம் வாசிப்பது அதன் பிற்பகுதியைத்தான். அதற்கு முந்தின வசனங்களில் பவுல் கடிந்துகொள்வது எதை? வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தங்கள் உணவைத் தின்று தீர்க்க, இல்லாதவர்கள் பசியோடு நின்றதை. அப்படி உண்பது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று அவர் மறுத்துவிடுகிறார். அப்பாவு புதிதாக ஒன்றையும் சொல்லவில்லை. அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தார்.

இது நம் மாவட்டத்துக்குத் தூரத்துச் செய்தியன்று. 2022 டிசம்பரில், வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அங்கே சென்ற மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும், அப்பகுதித் தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை வழக்கம் இருந்ததைக் கண்டு நடவடிக்கை எடுத்தார்கள். தொட்டியில் அதைக் கலந்தவர் யார் என்பது வழக்கும் மறுப்புமாக நீண்டது. அதில் தீர்ப்புச் சொல்வது என் பணியன்று. ஆனால் குடிக்கும் தண்ணீரும் தேநீர்க் குவளையும் தனித்தனியாக இருக்கும் மண்ணில் 'ஒரு உலை' என்று பாடுவது எவ்வளவு கனமான காரியம் என்பதை நாம் அறிவோம். கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிச் சுவர் எழுப்பிய கிறிஸ்தவர்கள் நம் மாநிலத்தில் உண்டு என்பதையும் அறிவோம்.

பாடலின் உரிமையைப் பற்றியும் அவருக்கு விந்தையான ஒரு கொள்கை இருந்தது. பாடுகிறவர்கள் சொல்லை மாற்றலாம், அடியைக் கூட்டலாம், குறைக்கலாம். மாற்ற இடங்கொடுக்காத பாட்டு நாட்டார் பாட்டே அன்று. மக்களுக்கு வேண்டாத பாட்டு தானாக உதிர்ந்துபோகும். வேண்டியதை அவர்கள் தங்களுடையதாக்கிக்கொள்வார்கள். ஒலிநாடாக்கள் வழியாகவும், அரசரடியில் படித்து ஊர் ஊராகச் சென்ற இளம் ஆயர்கள் வழியாகவும் அவருடைய பாடல்கள் பரவின. ஜோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் பல ஆண்டுகள் அவற்றைப் பின்தொடர்ந்து, 2014இல் ஒரு முழு நூலாக ஆக்கினார். ஒரு பாட்டு எந்தெந்த ஊரில் எப்படியெல்லாம் உருமாறியது என்பதைக் கண்டறிவதே அந்த ஆய்வின் பெரும் பகுதி.

சில ஆண்டுகளுக்கு முன் இந்த மாவட்டத்தின் ஒரு சிற்றூரில், அறுப்பின் பண்டிகைக்குப் பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடிய பாட்டைக் கேட்டு நின்றேன். மெட்டு பழகியதாய் இருந்தது. சொற்கள் வேறு, அவர்கள் கண்மாயும் அவர்கள் வயலும் அதில் வந்திருந்தன. யார் எழுதிய பாட்டு தெரியுமா என்று கேட்டேன்.

"யாரு எழுதுறது? எங்க பாட்டுதான்யா" என்றார் ஒருவர், அண்டாவைக் கவிழ்த்துவைத்தபடி.