குளிர்பதனப் பெட்டி குளிரவில்லையா? தொழில்நுட்பரை அழைக்கும் முன் பார்க்க வேண்டியவை

தேக்கா சந்தையில் வாங்கிய மீன், ஒரு வாரத்திற்கு அரைத்து வைத்த தோசை மாவு, வீட்டுப் பெரியவரின் இன்சுலின் என எல்லாமே பல வீடுகளில் ஒரே குளிர்பதனப் பெட்டியில்தான் இருக்கின்றன. அது பழுதானால் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. சில கோளாறுகளை நாமே சரிசெய்யலாம், சிலவற்றைத் தொடவே கூடாது.

பெட்டி அறவே இயங்காவிட்டால்

சுவரில் உள்ள சுவிட்சு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதே மின்செருகியில் வேறொரு சாதனத்தைப் பொருத்திச் சோதியுங்கள். அது இயங்கினால், பெட்டியின் மூன்று முனை பிளக்கில் உள்ள ஃபியூஸ் போயிருக்கலாம். பெட்டியைப் பொருத்தும்போதெல்லாம் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்பட்டால் அது மின்கசிவின் அறிகுறி. மீண்டும் மீண்டும் முயலாமல் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொழில்நுட்பரை அழையுங்கள்.

விளக்கு எரிகிறது, குளிர் போதவில்லை

கீழ்ப்பகுதி 0 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரையிலும் ஃப்ரீசர் -18 டிகிரியிலும் இருக்க வேண்டும். சோதிக்க, நடுத்தட்டில் ஒரு குவளைத் தண்ணீரில் வெப்பமானியை ஓர் இரவு வைத்திருங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது.

வார இறுதிச் சந்தைக்குப் பிறகு பெட்டியைத் திணித்து நிரப்புவது பொதுவான காரணம். உட்புறக் காற்றுத் துளைகளைப் பாத்திரங்கள் மறைத்தால் குளிர்காற்று பரவாது. சூடான சாம்பாரை அப்படியே உள்ளே வைப்பதும் பெட்டியைத் திணறடிக்கும். சிறு பாத்திரங்களில் பிரித்து ஆறவிட்டு, 2 மணி நேரத்திற்குள் உள்ளே வையுங்கள்.

அடுத்து, கதவின் ரப்பர் விளிம்பு. ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். எளிதாக வந்துவிட்டால் காற்று கசிகிறது. சோப்புத் தண்ணீரால் துடைத்தும் மாறாவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் சிறு இடைவெளிகூட உள்ளே பனியைச் சேர்த்துவிடும். வீவக வீடுகளின் சிறிய சமையலறையில் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தாலும் வெப்பம் வெளியேறாது.

ஃப்ரீசர் உறைகிறது, கீழே குளிரில்லை

பனி உருகும் அமைப்பு பழுதாகி, காற்று செல்லும் வழியைப் பனி அடைத்திருக்கலாம். உணவை வெளியே எடுத்து, பிளக்கைக் கழற்றி, கதவுகளைத் திறந்து 24 மணி நேரம் விடுங்கள். பிறகு சரியாகி, ஓரிரு வாரத்தில் மீண்டும் அதே நிலை வந்தால் பாகம் மாற்ற வேண்டியிருக்கும்.

பனியைக் கத்தியால் குத்தாதீர்கள். 2022 அக்டோபர் 1 முதல், புவி வெப்பமாதலை அதிகம் தூண்டும் வாயு கொண்ட வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகளின் விநியோகத்தைச் சிங்கப்பூர் கட்டுப்படுத்தியுள்ளது. புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஐசோபியூட்டேன் அந்த வகையில் நல்லது, ஆனால் எளிதில் தீப்பற்றும். குழாய் ஓட்டையாகிவிட்டால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் சன்னல்களைத் திறந்து விடுங்கள்.

தண்ணீரும் சத்தமும்

காய்கறித் தட்டின் அடியில் தண்ணீர் தேங்கினால், பின்சுவரின் கீழுள்ள வடிகால் துளை அடைத்திருக்கும். வெதுவெதுப்பான நீரை மெதுவாக ஊற்றிச் சுத்தம் செய்யலாம். அதிர்வுச் சத்தம் கேட்டால் பெட்டி சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘டிக்’ என்ற ஒலி கேட்டு, குளிரும் இல்லாவிட்டால் கம்பிரசரிலோ அதை இயக்கும் பாகத்திலோ கோளாறு இருக்கலாம். அது தொழில்நுட்பரின் வேலை.

உணவும் மருந்தும்

கதவைத் திறக்காமல் வைத்தால் கீழ்ப்பகுதி ஏறக்குறைய 4 மணி நேரமும், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரமும் குளிரைத் தாங்கும். அதன் பிறகு மீன், இறைச்சி, பால், சமைத்த உணவு ஆகியவற்றை முகர்ந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். கிருமி பெருகிய உணவு எப்போதும் நாறுவதில்லை.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். பெட்டி பழுதானால் துணியில் சுற்றி, பனிக்கட்டியின்மீது நேரடியாகப் படாமல் குளிர்ப்பையில் வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினை உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது. வெப்பத்தில் இருந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் மருந்தாளரைக் கேளுங்கள்.

பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

ரப்பர், விசிறி, பனி உருக்கும் பாகம் ஆகியவற்றைப் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளலாம். பழைய பெட்டியில் கம்பிரசர் போனாலோ வாயு கசிந்தாலோ செலவை முதலில் கேட்டுப் புதிய பெட்டியின் விலையோடு ஒப்பிடுங்கள். கசிவை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்பினால் கோளாறு திரும்ப வரும்.

புதிது வாங்கும்போது எரிசக்தி முத்திரையில் உள்ள ‘டிக்’ குறிகளையும் ஆண்டு மின்செலவையும் பாருங்கள். பழையதைக் குப்பைத்தொட்டி அருகே விட்டுவிட வேண்டாம். 2021 ஜூலையில் நடப்புக்கு வந்த மின்னணுக் கழிவு விதிமுறைகளின்படி, புதியதைக் கொண்டுவரும் விற்பனையாளர் பழையதை இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும். வாங்கும்போதே அதைக் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.