ராமேஸ்வரம் தீவில் வீடு தேடிய பராமரிப்பு: தங்கச்சிமடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களின் வரலாறு தமிழகத்தில் பெரும்பாலும் அரசாணைகளின் வரிசையாகவே எழுதப்பட்டுள்ளது. அம்மை குத்துபவர், மகப்பேறு உதவியாளர், மலேரியா கண்காணிப்புப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், 108 வண்டியின் மருத்துவ உதவியாளர், மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர் எனப் பதவிப் பெயர்கள் அடுத்தடுத்து வந்தன. அந்தப் பெயர்களுக்கு அடியில் தொடர்ந்து நடந்த வேலை ஒன்றுதான். யாரோ ஒருவர் நோட்டும் பையுமாக வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே யாருக்கு என்ன என்று கேட்டுப் போனார். பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே, மண்டபம் ஒன்றியத்தைச் சேர்ந்த தங்கச்சிமடம் இந்த வேலையின் எடையை அளந்து பார்க்க ஏற்ற ஊர். கடலை நம்பிய குடும்பங்கள் நிறைந்த இந்த ஊராட்சிக்கு, சாலைப் பாலம் திறக்கப்பட்ட 1988 அக்டோபர் 2 வரை பெருநிலத்திலிருந்து சாலை கிடையாது. மருத்துவமனையை மையமாக வைத்த விளக்கம் எதுவும் இங்கே முழுமையாகப் பொருந்துவதில்லை.

தமிழகப் பொதுச் சுகாதாரம் பற்றி இன்று அதிகம் மேற்கோள் காட்டப்படும் வாசிப்பு, மோனிகா தாஸ் குப்தாவும் இணையாசிரியர்களும் எழுதியது. 2009இல் உலக வங்கியின் ஆய்வுத் தாளாகவும், 2010இல் 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் கட்டுரையாகவும் அது வெளிவந்தது. சுதந்திரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் பிற மாநிலங்கள் பொதுச் சுகாதாரத்தை மருத்துவத் துறையோடு இணைத்துவிட்டன, தமிழகம் இணைக்கவில்லை. தனி இயக்குநரகம், தனி நிதி, 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், களத்தில் பல ஆண்டுகள் பழகி மேலே வந்த மருத்துவ நிர்வாகிகளின் அணி ஆகிய நான்கும் சேர்ந்ததால்தான் தமிழகம் நோய்களை முன்கூட்டியே தடுக்க முடிந்தது என்பது அவர்களின் முடிவு. இணையாசிரியர்களில் ஒருவரான ப. பத்மநாபன் இத்துறையின் இயக்குநராக இருந்தவர். துறையை உள்ளிருந்து அறிந்த எழுத்து என்ற மதிப்பு அந்தக் கட்டுரைக்கு உண்டு.

அந்த வாசிப்பில் உண்மை இருக்கிறது. தனி இயக்குநரகம் இல்லாதிருந்தால் கிராமத்துப் பணியாளர்களை மருத்துவமனை வேலைகள் விழுங்கியிருக்கும். வேறு பல மாநிலங்களில் நடந்தது அதுவே. ஆனால் காரணமாகச் சொல்லப்படுபவற்றின் காலமும் விளைவின் காலமும் ஒட்டவில்லை. சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத் துறை 1922இல் தோன்றியது. சட்டம் 1939இல் வந்தது. தமிழகத்தின் குழந்தை இறப்பு விகிதமோ 2000ஆம் ஆண்டிலும் ஆயிரத்துக்கு 51ஆக இருந்தது. 2020இல்தான் அது 13ஆகக் குறைந்தது. மகப்பேற்று இறப்பு விகிதம் 2001–03இல் ஒரு லட்சத்துக்கு 134, 2018–20இல் 54. எண்பது ஆண்டுகளாக மாறாமல் நின்ற ஒன்று, கடைசி இருபது ஆண்டுகளில் நேர்ந்த மாற்றத்தைத் தனியாக விளக்காது. அடித்தளம் வேறு, அதன்மேல் சுவர் எழும்பிய காலம் வேறு.

இடைப்பட்ட காலத்தில் மாறியவை எவை? 1970களின் இறுதியிலிருந்து துணை சுகாதார நிலையங்கள் பெருகின. அங்கே பெண் பணியாளர்கள் தங்கத் தொடங்கினர். பின்னர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர்கள் முறை வைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்த்தனர். 1990களின் மருந்துக் கொள்முதல் சீர்திருத்தத்துக்கும் இதில் பங்குண்டு. மருந்துக் கொள்முதலை விட்டுவிட்டால் மற்ற யாவும் கீழ்நிலைப் பணியாளரின் எண்ணிக்கையையும் இருப்பிடத்தையும் சார்ந்தவை. தாஸ் குப்தா கட்டுரை இவர்களை மறந்துவிடவில்லை. ஆனால் அதில் இவர்கள் நிர்வாகியின் திட்டத்தை நிறைவேற்றும் கரங்களாகவே வருகிறார்கள். இவர்கள் சேர்த்த தகவல் இல்லாமல் அந்த நிர்வாகிக்குத் திட்டமே இருந்திராது என்ற பக்கம் விடுபட்டிருக்கிறது. தீவின் வரலாறு அந்தப் பக்கத்தையே காட்டுகிறது.

இந்தக் கரையில் அரசு மருத்துவம் முதலில் அடர்த்தியாகக் குவிந்தது உள்ளூர்க்காரர்களுக்காக அன்று. பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதும் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டனர். காலராவும் அம்மையும் பிளேக்கும் கடல் தாண்டக் கூடாது என்பதே நோக்கம். முகாமை நடத்தியது இலங்கை அரசு. ராமேஸ்வரம் கோயிலுக்கு வந்த யாத்திரிகர்கள்மீதும் இதே வகைக் கண் வைக்கப்பட்டது. ஆக, அம்மை குத்துபவரும் முகாம் ஊழியரும் பார்த்தது வழிப்போக்கர்களின் உடம்பை. அங்கேயே பிறந்து அங்கேயே இருந்தவர்களுக்கு மருத்துவச்சியும் நாட்டு வைத்தியரும்தான். மாகாணத் துறையின் தொடக்க ஆண்டுகளைப் பொதுமக்கள் பராமரிப்பின் தொடக்கமாகக் கொள்வதை இந்தக் கரை அனுமதிக்கவில்லை.

அரசு வீட்டு வாசலுக்கு வந்தது மலேரியாவோடு. தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டம் 1958இல் தொடங்கியது. ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒரு கண்காணிப்புப் பணியாளர். இரு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். காய்ச்சல் கண்டவரின் விரல் நுனியில் குத்திக் கண்ணாடித் தகட்டில் ரத்தத் தடம் எடுக்க வேண்டும். உத்தேச மருந்தாகக் குளோரோகுயின் கொடுக்க வேண்டும். இந்தப் பணி விட்டுச்சென்ற ஆவணம் காகிதத்தில் மட்டும் இல்லை. வீட்டுச் சுவரிலும் இருந்தது.

அந்தச் சுவர் அச்சைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தகர அச்சை வைத்து மை பூசி, வாசல் அருகே திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கமான 'என்.எம்.இ.பி.' என்ற எழுத்துகளும் கட்டங்களும் பதிக்கப்பட்டன. ஒவ்வொரு முறை வந்தபோதும் பணியாளர் தேதியையும் தன் சுருக்கொப்பத்தையும் கட்டத்தில் இட்டார். மேலதிகாரி வந்தால் பதிவேட்டைத் திறக்கும் முன் சுவரைத்தான் பார்த்தார். கல்வெட்டாய்வாளர் ஒரு தானக் கல்வெட்டில் கேட்கும் கேள்விகள் அத்தனையும் இதற்கும் பொருந்தும்: யார் பொறித்தார், யார் படிக்க, எதை உறுதிப்படுத்த? பொறித்தவர் துறையின் கடைசிப் படியில் இருந்தவர். படித்தவர் மேற்பார்வையாளர், ஆனால் நாள்தோறும் கண்ணில் பட்டது வீட்டுக்காரருக்கு. பணியாளர் வந்தாரா இல்லையா என்று குடும்பமே சாட்சி சொல்ல முடிந்த ஏற்பாடு அது. கட்டம் வெற்றாக இருந்தால் அதுவும் சான்று. சுண்ணாம்பு அடித்தபோதும் கூரை வீடுகள் காங்கிரீட் வீடுகளானபோதும் இந்த அச்சுகள் பெரும்பாலும் அழிந்தன. பெயர்கள் பதிவாகாத ஒரு பணிப் பிரிவு தன் கையால் எழுதி வைத்த ஒரே பொது ஆவணம் இது. வரலாற்றாசிரியர்கள் இதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதது பெரிய இழப்பு.

1960களின் நடுவில் நாட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் என்ற அளவுக்கு இறங்கிய மலேரியா 1976இல் 64 லட்சத்தைத் தாண்டியது. ராமேஸ்வரம் தீவில் அது நீண்ட காலம் விடாப்பிடியாகத் தங்கியது. புதுச்சேரி நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர் 1984இல் வெளியிட்ட ஆய்வு, இங்கே நோயைப் பரப்புவது அனாஃபிலஸ் குலிசிஃபேசிஸ் கொசு என்று காட்டியது. மணல் தீவில் இந்தக் கொசுவைத் தேடுவது பெரிய குளங்களைக் கண்காணிக்கும் வேலை அன்று. எந்தத் தோப்பில் யார் புதிதாகக் குழி வெட்டினார், எந்த ஊற்றில் தண்ணீர் நிற்கிறது என்று அறிந்தவர் வேண்டும். இயக்குநரக வரைபடத்தில் இவை இடம்பெறுவதில்லை. ஊரைச் சுற்றி வருபவரின் நினைவில்தான் இருந்தன.

மலேரியா மீண்டெழும் முன்பே, வெவ்வேறு நோய்களுக்கான பணியாளர்களை ஒன்றாக்கும் முயற்சி தொடங்கியிருந்தது. 1963இல் சதா குழு மலேரியாக்காரரிடமே குடும்பநலத்தையும் ஒப்படைக்கச் சொன்னது. 1973இல் கர்த்தார் சிங் குழு, நோய்க்கு ஒரு பணியாளர் என்ற முறையைக் கைவிட்டுப் பல்நோக்குப் பணியாளர் முறையைப் பரிந்துரைத்தது. தமிழகத்தில் பெண் பல்நோக்குப் பணியாளர் 'கிராம சுகாதார செவிலியர்' ஆனார். ஊர் வாயில் 'நர்ஸம்மா'. மகப்பேறு உதவியாளர் மறைந்து நர்ஸம்மா நிலைபெற்ற ஆண்டு ஊருக்கு ஊர் வேறுபடும். 1970களின் பிற்பகுதிக்கும் 1980களின் நடுப்பகுதிக்கும் இடையில் என்று சொல்வதே முறை. 1977இல் மத்திய அரசு கொண்டுவந்த, ஆயிரம் பேருக்கு ஒரு சமுதாய சுகாதாரப் பணியாளர் என்ற திட்டத்தில் தமிழகம் சேரவில்லை. பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்கும் பெண்ணையே மாநிலம் நம்பியது. இந்த ஒரு முடிவுக்குத் தாஸ் குப்தா சொல்லும் இயக்குநரகத்தின் துறைப் பார்வை உதவியிருக்கக்கூடும் என்பதை ஏற்க வேண்டும்.

1980இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், அன்றைய பெரிய ராமநாதபுரம் மாவட்டத்தையும் தழுவியது. அதன் ஊட்டச்சத்துப் பணியாளர் தேர்வில் ஒரு விதி கவனத்துக்குரியது: உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும்; ஏழையாக இருந்தும் தன் குழந்தையை நன்றாக வளர்த்தவராக இருந்தால் முன்னுரிமை. சான்றிதழை விடக் குழந்தையின் எடை பேசியது. மாதந்தோறும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை நிறுத்து, எடை தேங்கியவர்களுக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுக்கும் வேலைக்கு அக்கம்பக்கத்து நம்பிக்கையே முதல் தகுதி என்று ஓர் அரசுத் திட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்டது இந்த வரலாற்றில் அரிய நிகழ்வு.

இனி, சான்று மெலிந்த ஆனால் முக்கியமான இடம்: சாலைப் பாலத்துக்கு முந்தைய பிரசவங்கள். 1988க்கு முன் தங்கச்சிமடத்தில் இரவில் வலி கண்ட பெண்ணுக்கு, சிக்கல் என்றால், ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தள்ளியிருந்த ராமநாதபுரம் தலைமை மருத்துவமனைக்கு ரயிலோ படகோதான் வழி. ரயில் நேரத்துக்கு வரும். வலி நேரம் பார்ப்பதில்லை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்துப் பாம்பன் ரயில் பாலத்தையும் உடைத்தபோது அதைச் சீராக்க 46 நாட்கள் ஆயின. அந்த நாட்களில் ரயிலும் இல்லை. மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்பிக் காப்பாற்றுவது என்ற ஏற்பாடு இத்தகைய ஊரில் பெயரளவிலேயே இருக்க முடியும். எனவே அந்தத் தலைமுறையில் பிழைத்த தாய்மாரின் கணக்கு மருத்துவச்சியின் பெயரிலும் மகப்பேறு உதவியாளரின் பெயரிலும், பின்னர் துணை சுகாதார நிலையத்தில் குடியிருந்த செவிலியரின் பெயரிலுமே எழுதப்பட வேண்டும். இறந்த தாய்மாரின் கணக்கும் அந்தத் தூரத்தின் பெயரில் எழுதப்பட வேண்டும். இதை மறுக்க விரும்புபவர், சாலை இல்லாத தீவில் வேறு யார் பிரசவம் பார்த்தார் என்று காட்ட வேண்டும்.

சாலைப் பாலம் வந்ததும் பராமரிப்பின் திசை மாறியது. செவிலியர் வீட்டுக்கு வருவது குறைந்து, தாய் நிலையத்துக்குப் போவது கூடியது. மாநிலத்தில் மருத்துவ நிலையங்களில் நடந்த பிரசவம் 2005–06இல் 88 விழுக்காடு, 2015–16இல் 99. 2008 செப்டம்பரில் 108 சேவை தொடங்கியபோது, அனுப்பும் வழியே ஒரு பராமரிப்பு இடமானது. வண்டியில் ஓட்டுநருக்குப் 'பைலட்' என்று பெயர். பின்னால் இருப்பவர் மருத்துவ உதவியாளர். பாலத்தின்மேல் போகும் அந்த நேரத்தில் ஆக்சிஜனும் டிரிப்ஸும், சில வேளை பிரசவமும், அவர் கையில்தான். இதே காலத்தில் கிராம சுகாதார செவிலியரின் மேசையில் 'பிக்மி' என்னும் கர்ப்பிணிகளின் கணினிப் பதிவு வந்து உட்கார்ந்தது. கர்ப்பிணியின் எண்ணைக் கணினியில் ஏற்றுவது வீட்டுக்குப் போவதைவிட அவசரமான வேலையாயிற்று. பதிவு பெருகப் பெருகச் சந்திப்பு சுருங்கியது. இது நல்ல மாற்றம் அன்று.

2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', வாசலுக்குப் போகும் முறையை மீட்டது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். இயன்முறை மருத்துவரும் வலி நிவாரணச் செவிலியரும் படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்க வருகிறார்கள். கடற்கரையில் இதற்கென ஒரு தனிச் சிக்கல் உண்டு. விசைப்படகுகள் டோக்கன் பெற்றுக் கடலுக்குப் போகும் நாட்களில் ஆண்கள் வீட்டில் இருப்பதில்லை; திரும்பிய பகலில் உறங்குகிறார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் அவர்களைத் தொடர்ச்சியாகப் பார்க்கக் கிடைக்கும் பருவம். இந்தக் கால அட்டவணையை ஊர்ப் பெண்ணான தன்னார்வலர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவர் வீட்டிலும் அதே அட்டவணைதான். மாநிலம் முழுமைக்கும் ஒரே இலக்கு வைக்கும் நிர்வாகம்தான் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம், இந்தத் துறையில் தகுதியை முதன்முறையாக வரையறுத்தது. துணைநிலைத் தொழில்முறையாளர் எனப்பட, குறைந்தது 2,000 மணி நேரம் கொண்ட பட்டயமோ பட்டமோ வேண்டும். இயன்முறை மருத்துவர் இந்தச் சட்டத்தின் நிழலில் வருகிறார். வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் வரவில்லை. அவர் பெறுவது சம்பளமும் அன்று, ஊக்கத்தொகை. 1958இன் மலேரியாக்காரருக்கு இருந்த அரசுப் பணியாளர் என்ற தகுதிகூட 2021இன் தன்னார்வலருக்கு இல்லை. பராமரிப்பின் சுமை கீழ்ப்படிக்கு வந்திருக்கிறது, உரிமை வரவில்லை.

இந்த வரலாற்றின் அடுத்த பகுதியை எழுதச் சான்றுகள் வேண்டும். துணை சுகாதார நிலையங்களின் பழைய வீட்டுப் பதிவேடுகள், பிரசவப் பதிவேடுகள், ரத்தத் தடப் பதிவேடுகள் கணினிமயமான பின் கழிவுத் தாளாகி வருகின்றன. மண்டபம் ஒன்றியத்தின் நிலையங்களில் எஞ்சியிருப்பவற்றைப் பொதுச் சுகாதாரத் துறை பட்டியலிட்டு, நோயாளிகளின் பெயர்களை மறைத்து, மாவட்ட ஆவணக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். பணி ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்களின் வாய்மொழியையும் அதனுடன் பதிவு செய்ய வேண்டும்; முதல் தலைமுறையினர் இப்போது முதுமையில் இருக்கிறார்கள்.